அச்சாணியும் நாதாங்கியும்
(இரும்புச் சிறுபொருள்கள் காட்டும் வாழ்வியல்)

தோற்றுவாய்

வாளும் வேலும் வரலாற்றில் பெற்ற இடத்தை ஆணியும் தாழும் பெறவில்லை. வாள் ஏந்திய மன்னனின் பெயர் கல்லில் வெட்டப்பெற்றது. அம்மன்னனின் கோட்டைக் கதவைத் தாங்கி நின்ற கீலை அடித்தவன் பெயரை எழுதி வைத்தார் இலர். ஆயினும் கீல் இன்றிக் கதவில்லை, கதவின்றிக் கோட்டையில்லை. ஒரு மக்களினத்தின் நாகரிகத்தை அதன் படைக்கலங்களைக் கொண்டு மட்டும் அளவிடுதல், ஒருவரது வாழ்வை அவர் சினந்த நாள்களைக் கொண்டு மட்டும் எழுதுவதை ஒக்கும். வீட்டிலும் வயலிலும் வண்டியிலும் நாள்தோறும் பயன்பட்ட இரும்புச் சிறுபொருள்கள் நமக்கு எதனை உணர்த்துகின்றன என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

இப்பொருள் குறித்து எழுதுமாறு நம்மைத் தூண்டியது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும். நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவினைப் பற்றிய பகுதியைப் பயிற்றிக் கொண்டிருந்தோம். கதவின் கொண்டி சென்று மாட்டும் இரும்பு வளையத்திற்குத் தமிழில் பெயர் யாது என மாணவரை வினவினோம். நகரத்து மாணவர் எவரும் விடை கூறவில்லை. பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர், ஏற்காட்டு மலையின் மாரமங்கலத்திலிருந்து வந்து பயில்பவர், அப்பருவம் முழுதும் வகுப்பில் வாய் திறவாதவர், தயங்கித் தயங்கி எழுந்து, "நாதாங்கி, ஐயா" என்றார். சிலர் நகைத்தனர். நாம் கரும்பலகையில் அச்சொல்லை எழுதி, 'நா' எனவும் 'தாங்கி' எனவும் பிரித்துக் காட்டினோம். கொண்டியின் நாவைத் தாங்குவது நாதாங்கி. நகைப்பு அடங்கிற்று. எந்த அகராதியையும் புரட்டாமல் அவர் அச்சொல்லை அறிந்திருந்தார். நாம் அறிந்தது அகராதியால்.

நூல்கள் தரும் சான்று

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையின் வாயிலை ஒரு தச்சர்க்கும் கொல்லர்க்கும் உரிய நுட்பத்தோடு விளக்குகின்றது. இரட்டைக் கதவுகள் பருத்த இரும்பினால் பிணிக்கப்பட்டிருந்தன. அவற்றின்மீது செவ்வரக்குப் பூசப்பட்டிருந்தது. மலரும் பருவத்துக் குவளையின் அரும்பு போன்ற பிடி அமைந்திருந்தது, தாழ் பொருத்தப்பட்டிருந்தது. கைத்திறன் மிக்க கம்மியன் இடைவெளி தோன்றாவண்ணம் இவற்றை முடுக்கியிருந்தான் என்பது புலவர் கூற்று. அரசியின் பிரிவுத் துயரைப் பாட வந்த புலவர்க்கு ஒரு கதவின் பொருத்தினை இத்துணைக் கூர்ந்து நோக்கும் கண் இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

குறுந்தொகையின் 172ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார் ஆளும் உவமை இன்னும் வியப்பிற்குரியது. ஏழு ஊர்களின் பொதுவேலைக்கென ஓர் ஊரில் அமைந்த கொல்லன் உலையில், ஓய்வின்றி மிதிபடும் துருத்தியைப் போலத் தன் நெஞ்சம் வருந்துகின்றது எனத் தலைவி கூறுகின்றாள். இவ்வுவமை காதல் துன்பத்தை உணர்த்துவதோடு ஒரு பொருளாதாரச் செய்தியையும் நமக்குத் தருகின்றது. ஊர்தோறும் கொல்லர் இலர். ஓர் உலையே பல ஊர்களுக்குப் பணி செய்தது. அவ்வுலைக்கு ஓய்வே இல்லை. அத்தனை வேலையும் வேல் வடிக்கும் வேலையாக இருந்திருக்க இயலாது. கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் ஆணியும் அன்றோ ஒரு கொல்லனை நாள் முழுதும் உலையின்முன் நிறுத்தி வைப்பன!

புறநானூற்றின் 95ஆம் பாடல், சேர்வராயன் மலைக்கு வடக்கே தகடூரில், அதாவது இற்றைத் தருமபுரியில், ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியோடு தொடர்புடையது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்குள்ளவை நெய் பூசி அணி செய்யப்பெற்றுக் காவலுடன் இருப்பதனையும், தம் மன்னனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதனையும் ஒப்பிட்டார். இஃது இகழ்வது போலப் புகழ்தல் என்பதனை யாவரும் அறிவர். ஆயினும் இப்பாடல் உணர்த்தும் பிறிதோர் உண்மையும் உண்டு. பயன்படும் இரும்பு சிதையும். சிதைந்தது பட்டறைக்குச் செல்லும். மீண்டும் உருப்பெற்று வரும். அழகிற்காக வைக்கப்பட்ட இரும்பைவிட, உழைத்துத் தேய்ந்த இரும்பே பெருமை உடையது என்பது ஔவையாரின் உள்ளக்கிடை.

திருவள்ளுவர் சிறுபொருள்களின் பெருமையை நன்கு உணர்ந்தவர். அன்புடைமை அதிகாரத்தில் தாழினை உவமையாக்கினார். பண்புடைமையிலும் உட்பகையிலும் அரத்தினை உவமையாக்கினார். வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், பெருந்தேர் உருள்வதற்குக் காரணமான அச்சாணியைச் சுட்டி, உருவச் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என அறிவுறுத்தினார். சக்கரம் அச்சிலிருந்து கழன்று விடாதவாறு காப்பது விரல் நீளமே உடைய ஓர் இரும்புத் துண்டு. தேரைக் காண்போர் அதனைக் காண்பதில்லை. அது கழன்ற பின்னரே அதனை நினைப்பர்.

மண் தரும் சான்று

இலக்கியம் கூறுவதனை மண்ணும் உறுதி செய்கின்றது. தாமிரவருணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் தாழிகளை அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தபோது, வாள், வேல் ஆகியவற்றோடு கோடரி, மண்வெட்டி, தொங்கு விளக்கு முதலிய இரும்புப் பொருள்களும் வெளிப்பட்டன. நொய்யல் ஆற்றங்கரையில், பதிற்றுப்பத்தில் பெயர் பெற்ற கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிட்டின. கீழடியில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்துள்ளன. ஓடு வேய்ந்த வீட்டிற்கு மரச்சட்டம் வேண்டும்; மரச்சட்டத்திற்கு ஆணி வேண்டும்; ஆணிக்குக் கொல்லன் வேண்டும். ஓர் ஆணியைப் பற்றிச் சென்றால் ஒரு நகரத்தின் அமைப்பே புலனாகின்றது.

இரும்பின் காலத்தைப் பற்றிய கருத்தும் அண்மையில் பெரிதும் மாறியுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிட்டிய சான்றுகள், இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டு செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் சான்றுகள் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டை எட்டுவதாக 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கை உரைத்தது. அறிஞர் உலகம் இக்கணிப்பைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றது. சேலம் மாவட்டத்திலேயே மேட்டூரை அடுத்த மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய ஊர்களின் ஈமச் சின்னங்களில் கிடைத்த இரும்பு வாள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தனவாகக் கணிக்கப்பட்டுள்ளன.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இத்துணைத் தொன்மை வாய்ந்த இரும்பு நாகரிகத்தில் கதவுக் கீல்களும் தாழ்களும் வண்டி ஆணிகளும் ஏன் மிகுதியாகக் கிட்டவில்லை? இதற்குக் காரணங்கள் உள. முதலாவது, நமக்குக் கிட்டிய இரும்புப் பொருள்களில் பெரும்பாலான ஈமக் குழிகளிலிருந்து வந்தவை. இறந்தவனுக்கு வாளைக் கொடுத்தனர். வீட்டின் தாழைக் கழற்றிக் கொடுக்கவில்லை. இரண்டாவது, நம் நாட்டின் ஈரமும் வெயிலும் மெல்லிய இரும்பைத் துருவாக்கி விடுகின்றன. மூன்றாவதே முதன்மையானது: நம் முன்னோர் இரும்பை எறிந்தாரல்லர். தேய்ந்த கொழு கத்தியாயிற்று. தேய்ந்த கத்தி உளியாயிற்று. உளியும் தேய்ந்தால் ஆணியாயிற்று. எதையும் வீணாக்காத வாழ்க்கை, அகழாய்வாளர்க்கு எதனையும் விட்டுச் செல்வதில்லை.

உரோமர் எல்லை அரண்கள்

வீணாக்க நேர்ந்தவரின் கதை இதற்கு மறுதலையானது. ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோமப் பேரரசு தன் வட எல்லையில், இற்றை ஸ்காத்லாந்தின் இஞ்ச்டூத்தில் என்னும் இடத்தில், ஒரு பெரும் படையரணைக் கட்டத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. வீரர்கள் பின்வாங்கும்போது எஞ்சிய ஆணிகள் பகைவர் கைக்குச் சென்றால் அவற்றை உருக்கிப் படைக்கலம் செய்வர் என அஞ்சினர். ஆகவே பட்டறையின் தரையில் குழி தோண்டிப் புதைத்து மூடினர். 1960ஆம் ஆண்டு இயான் ரிச்மண்டு என்னும் அறிஞரின் அகழாய்வில் அக்குழி வெளிப்பட்டது. அதில் இருந்த ஆணிகள் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை. சிறியனவும் பெரியனவுமாக அவை வகைப்படுத்திச் செய்யப்பட்டிருந்தன. புறத்தே இருந்தவை துருவேறி ஒன்றோடொன்று ஒட்டி ஓடு போலாயின. அவ்வோட்டின் உள்ளே இருந்தவை புத்தம் புதியன போல் இருந்தன. அணுக்கழிவை அடைத்து வைக்கும் கலங்கள் நெடுங்காலம் துருப்பிடிக்கும் முறையைக் கணிக்க முயன்ற அறிவியலார் இவ்வாணிகளைச் சான்றாகக் கொண்டனர் என்பது கூடுதல் செய்தி.

செருமனியின் சால்பர்க்கு முதலிய பிற எல்லை அரண்களிலும் பூட்டு, திறவுகோல், கீல், அச்சாணி, தச்சுக் கருவிகள் எனப் பல பொருள்கள் கிட்டி அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காணும்போது பேரரசின் படைவீரன் என்னும் அச்சம் நீங்கி, கதவைத் தாழிட்டு உறங்கிய, சக்கரம் கழன்றபோது சலித்துக்கொண்ட ஒரு மனிதன் நம் கண்முன் தோன்றுகின்றான். கரூரிலும் கொங்கு நாட்டின் பிற ஊர்களிலும் உரோமக் காசுகள் கிட்டியதனால் அம்மக்களோடு நம்மவர் வாணிகம் செய்ததை அறிவோம். அவர்தம் காசு நமக்கு அவர்தம் வேந்தனைக் காட்டுகின்றது. அவர்தம் ஆணியே அவர்தம் மக்களைக் காட்டுகின்றது.

உரோமர்க்கு ஆணிக்குழி உண்டு. நமக்கோ அத்தகைய குழி இல்லை. ஆனால் நமக்கு வேறொரு புதையல் உண்டு. அது சொற்புதையல். பொருள் உருகி மறுபொருளான பின்னரும் பெயர் நூலிலும் நாவிலும் நிலைத்தது. அகழாய்வாளர்க்கு மண் எத்தகையதோ, தமிழ் மாணவர்க்கு மொழி அத்தகையது என்க.

சேர்வராயன் மலையில்

இச்சொற்புதையலைத் தேடும் நோக்கத்துடன், மேற்குறித்த மாணவரோடு மாரமங்கலத்திற்கு ஒரு விடுமுறை நாளில் சென்றோம். ஏற்காடு வட்டத்தைச் சார்ந்த அம்மலையூர், ஆராய்ச்சி உலகிற்கு அறிமுகமான நிலப்பரப்பிலேயே உள்ளது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூசு புட் ஓய்வுபெற்ற பின் வாழ்ந்தது ஏற்காட்டிலேயாகும். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த அப்பெருமகனார், 1912இல் மறைந்தார். அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சேர்வராயன் மலையில் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகள் பல கிட்டியுள்ளன. அவை அழியாது எஞ்சியதற்கு ஒரு காரணம், மலைவாழ் மக்கள் அவற்றை நிலத்தில் கண்டெடுத்துத் தம் வழக்கப்படி மரத்தடிகளிலும் சிறு கோயில்களிலும் வைத்துப் போற்றியமையாகும். ஆராய்ச்சியாளர் வருமுன்னரே அம்மக்கள் தாம் அறியாமலே அருங்காட்சியகம் அமைத்திருந்தனர்.

இம்மலையின் அடிவாரத்துச் சேலம் நிலமோ இரும்பிற்குப் பெயர் பெற்றது. கஞ்சமலையின் காந்தத் தாது நெடுங்காலம் சிறு மண்ணுலைகளில் உருக்கப்பட்டது. ஆட்டுத்தோல் துருத்தியும் மரக்கரியும் கொண்டு அதனைச் செய்தனர். உருக்கிய இரும்பை ஆவாரை விறகுத் துண்டுகளோடு மண் மூசையில் இட்டு, எருக்கிலை முதலிய பச்சிலைகளால் மூடிக் காய்ச்சி உருக்கெஃகாக்கிய முறையை 1839இல் சோசையா மார்சல் ஹீத் விரிவாக எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியைத் துறந்த இவ்வாங்கிலேயர், சேலத்துத் தாதினைக் கொண்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றனை நிறுவினார். அவ்வாலை நிலைத்து நிற்கவில்லை. மலிவான ஆங்கில இரும்பு கப்பலில் வந்திறங்கியபின் நம் சிற்றுலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. உருக்கும் தொழில் மறைந்தாலும் அடிக்கும் தொழில் நின்றுவிடவில்லை. வெளிநாட்டு இரும்பையும் நம் கொல்லரே கொழுவாகவும் கொடுவாளாகவும் வடித்தனர்.

மாரமங்கலத்தில் அம்மாணவரின் பாட்டி நம்மை வரவேற்றார். அவர்தம் வீட்டிற்கு இப்பொழுது புதிய கதவு. அதில் கடையில் வாங்கிய 'டவர் போல்ட்' பளபளக்கின்றது. பழைய கதவு மாட்டுக் கொட்டிலுக்குச் சென்றுவிட்டது. அக்கதவில்தான் கொண்டியும் நாதாங்கியும் இன்னும் இருந்தன. ஒவ்வோர் இரவும் கொட்டிலை அடைக்கும்போது, "கொண்டியை நாதாங்கியிலே மாட்டுனியாடா?" எனப் பாட்டி வினவுவது வழக்கமாம். நம் மாணவர் அச்சொல்லை அறிந்த வகை அதுவே. பொருள் இருந்தது, ஆகவே சொல் இருந்தது. சொல்ல ஒருவர் இருந்தார், ஆகவே பேரன் கற்றார். இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அச்சொல் நம் வகுப்பறைக்கு வந்திராது.

அன்று மாலை வரை பாட்டி சொல்லச் சொல்ல மாணவர் எழுதினார். கொழு, கொடுவாள், அரிவாள்மணை, பூண், கொக்கி, கடையாணி, குறடு, பட்டடை, சம்மட்டி என முப்பதிற்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. பொருளைக் காட்டுமாறு கேட்டபோதோ பாட்டி கைவிரித்தார். பெரும்பாலானவற்றைப் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்டு, நெகிழிக் குடம் வாங்கியாயிற்று என்றார். கொல்லர் பட்டறை இருந்த இடத்தைக் காட்டினார். அங்குத் தண்ணீர்த் தொட்டியாகப் பயன்பட்ட குழிந்த கல் ஒன்றே கிடந்தது. கொல்லரின் மக்கள் சேலத்தில் வேறு தொழில் செய்கின்றனராம்.

இதில் பாட்டியைக் குறை கூறுதல் அறமாகாது; குடத்தின் தேவை அவர்க்கு இருந்தது. இரும்பு வாங்கியவரையும் குறை கூற இயலாது; அவர் நம் முன்னோர் செய்த மறுசுழற்சியைத்தான் பெரிய அளவில் செய்கின்றார். குறை நம்முடையது. கற்கோடரியைத் தேடி வெள்ளைக்கார அறிஞர் வந்தார். இரும்புக் கொண்டியைத் தேடி, அருகிலிருக்கும் கல்லூரித் தமிழாசிரியராகிய நாம் இத்தனை ஆண்டுகள் செல்லவில்லை.

செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இது. பேரகழாய்விற்கு அரசின் இசைவும் பொருளும் வேண்டும். சொல்லகழாய்விற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். உங்கள் இல்லத்திலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வோர் இரும்புப் பொருளுக்கும் ஐந்து செய்திகளை எழுதுங்கள்.

ஒன்று, உங்கள் ஊரில் அதன் பெயர். நூல்வழக்கிற்காக அதனைத் திருத்தி எழுதாதீர்கள்.

இரண்டு, அதன் உறுப்புகளின் பெயர். அரிவாளுக்கு வாய் உண்டு, மூக்கு உண்டு, பிடி உண்டு, பூண் உண்டு. ஒன்றனுக்கு எத்துணை உறுப்புப் பெயர் உண்டோ அத்துணை நெருக்கமாக மக்கள் அதனோடு வாழ்ந்தனர் என்பது பொருள்.

மூன்று, அதனைச் செய்யும் வினைகளின் பெயர். காய்ச்சுதல், அடித்தல், நீட்டுதல், துவைச்சல், சாணை பிடித்தல் என வரும் சொற்களே தொழிலின் இலக்கணம்.

நான்கு, அது சார்ந்த பழமொழிகளும் வழக்காறுகளும். 'இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா' என்பது போன்றவை.

ஐந்து, அப்பொருளை அளவெடுத்து ஒரு கோட்டுப் படம் வரைதல். படமில்லாத சொல் பின்னொரு நாள் அகராதியில் 'ஒருவகைக் கருவி' என்னும் இரண்டு சொற்களாகச் சுருங்கிப் போகும்.

இவ்வாறு தொகுப்பதனால் தமிழுக்கு என்ன பயன் என வினவலாம். 'சாவி' என்பது போர்த்துகீசியம் தந்த சொல். 'சன்னல்' என்பதும் அவ்வாறே. வந்த சொற்களை வரவேற்றோம், அதில் பிழையில்லை. ஆயினும் புதிய பொருளுக்குப் பெயர் தேடும்போது 'திருகாணி', 'மரையாணி' எனத் தெளிவாகப் பெயரிட முடிந்ததற்குக் காரணம், 'ஆணி' என்னும் வேர் உயிரோடு இருந்தமையாகும். வேர் பட்டுப்போன பின் புதுக்கிளை தோன்றாது. கலைச்சொல்லாக்கம் நூலகத்தில் பாதி, கொல்லன் பட்டறையில் பாதி.

நிறைவுரை

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 'அல்ஹதீத்', அதாவது 'இரும்பு' என்னும் பெயரினது. இரும்பில் கடும் வலிமையும் மனிதர்க்குப் பயன்களும் உண்டென அவ்வத்தியாயம் சுட்டுகின்றது. நபி தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதும், கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து இணைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதும் 'ஸபா' என்னும் அத்தியாயத்தில் கூறப்பட்டுள்ளன. இறைத்தூதரும் அரசருமாகிய ஒருவர்க்கு ஒரு சிறு கண்ணியின் அளவு கற்பிக்கப்பட்டது என்பதனை நம் சமுதாயத்துப் பெரியோர் நன்கறிவர். கைத்தொழில் இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இரும்பின் வலிமையை வரலாறு எழுதிவிட்டது. அதன் பயன்களை எழுதும் கடமை நமக்கு எஞ்சியுள்ளது.

மாரமங்கலத்து மாணவர் தம் குறிப்பேட்டை அடுத்த வாரம் வகுப்பில் படித்துக் காட்டினார். இம்முறை எவரும் நகைக்கவில்லை. 'பட்டடை' என்னும் சொல் வந்தபோது வேறொரு மாணவர் எழுந்து, தம் பாட்டனார் கொல்லர் என்றும், அதனை இதுவரை வகுப்பில் கூற நாணியதாகவும் கூறினார். அவர்தம் குறிப்பேடும் இப்பொழுது நிரம்பி வருகின்றது. உருவு கண்டு எள்ளலாகாது என அச்சாணியைக் காட்டி வள்ளுவர் கூறியது பொருள்களுக்கு மட்டுமன்று. நம் வகுப்பறையின் கடைசி இருக்கைக்கும் பொருந்துவதாகும்.